பாசல் நகரின் பணபலம்: மூன்று நாட்டு எல்லையில் இருப்பது மட்டுமா காரணம்?

நீர்வழி

ஐரோப்பிய எல்லை நகரங்களின் பொருளாதாரத்தைப் பற்றிக் கொஞ்ச காலமாகப் படித்துவருகிறேன். அதில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது சுவிட்சர்லாந்தின் பாசல். பாசல் நகர மாநிலத்தின் மொத்தப் பரப்பே 37 சதுர கிலோமீட்டர்தான். மக்கள்தொகை ஏறக்குறைய இரண்டு லட்சம். ஊரின் வடக்கு விளிம்பைத் தாண்டினால் ஒரு பக்கம் ஜெர்மனி, இன்னொரு பக்கம் பிரான்சு. இந்தச் சின்ன இடத்தில் ரோஷ், நோவார்ட்டிஸ் என்ற இரண்டு பெரிய மருந்து நிறுவனங்களுக்கும் தலைமையகம் இருக்கிறது. தலைக்கு எவ்வளவு உற்பத்தி என்று கணக்குப் பார்த்தால் சுவிஸ் மாநிலங்களில் முதலிடம் இதற்குத்தான்.

எல்லாம் இடத்தின் மகிமை என்பது என் எண்ணம். மேற்கு நோக்கி ஓடிவரும் ரைன் நதி இங்கேதான் வடக்கே திரும்புகிறது. கிழக்கே கருங்காடு, மேற்கே வோழ் மலைத்தொடர், தெற்கே ஜூரா. இவற்றுக்கு நடுவே கிடைக்கும் சமவெளி வாயில் இது. 1226இலேயே ரைனுக்குக் குறுக்கே பாலம் போட்டுவிட்டார்கள். 1471இல் பேரரசர் மூன்றாம் ஃபிரெடரிக் சந்தை நடத்தும் உரிமை கொடுத்தார். இலையுதிர்காலச் சந்தை இன்றுவரை நடக்கிறது. 1904இல் சரக்குப் படகை இழுத்துக்கொண்டு முதல் நீராவிக் கப்பல் வந்து சேர்ந்தது. ரோட்டர்டாம் துறைமுகம் எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருந்தாலும் நதிவழியே நேரடித் தொடர்பு. கடலே இல்லாத சுவிட்சர்லாந்தின் இறக்குமதியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இந்த ரைன் துறைமுகங்கள் வழியாக வருகிறது. வடகடல் துறைமுகங்களிலிருந்து இத்தாலிக்குப் போகும் சரக்கு ரயில்களுக்கும் இதுதான் பாதை. 2016இல் 57 கிலோமீட்டர் கொத்தார்டு சுரங்கம் திறந்தபிறகு அந்தப் பாதையின் மதிப்பு இன்னும் ஏறிவிட்டது.

இப்படிப்பட்ட இடத்தில் அமைந்த ஊர் செழிக்காமல் வேறென்ன செய்யும்? மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

கிளைன்பாசல்

வணக்கம் நீர்வழி. நான் இங்கேதான் குடும்பத்தோடு இருக்கிறேன், ரைனுக்கு வடகரையில். நீங்கள் சொன்ன இடச்சிறப்பு சரிதான். ஆனால் உள்ளே இருந்து பார்க்கிறவனுக்குக் கண்ணில் படுவது வேறு. எல்லையைத் தினமும் ஆயிரக்கணக்கானோர் தொல்லையில்லாமல் கடக்கிற மாதிரி ஒவ்வொன்றையும் ஒப்பந்தம் போட்டு உண்டாக்கியிருக்கிறார்கள்.

விமான நிலையத்தைப் பாருங்கள். பாசலுக்குள் ஓடுபாதைக்கு இடமில்லை. அதனால் 1946இல் பிரான்சு மண்ணில், சென் லூயி பக்கத்தில் கட்டினார்கள். 1949இல் ஒப்பந்தம்: நிலம் பிரான்சு தந்தது, கட்டுமானச் செலவு சுவிஸ் ஏற்றது. இன்றும் இரண்டு நாடுகளும் சேர்ந்துதான் நடத்துகின்றன. உள்ளே வந்து இறங்கினால் சுவிஸ் பக்க வாசல், பிரான்சு பக்க வாசல் என்று இரண்டு இருக்கும். வாடகைக் கார் எடுக்கிறவர்கள் எந்த வாசலில் எடுக்கிறோம் என்று பார்த்துத்தான் எடுப்பார்கள். சுவிஸ் வாசலில் வந்தால் 50ஆம் எண் பேருந்து இருபுறமும் வேலி போட்ட சுங்கச் சாலையில் நேரே பாசல் மத்திய ரயில் நிலையத்துக்குக் கொண்டுவந்து விட்டுவிடும். நடுவில் நாம் பிரான்சு நிலத்தில்தான் போகிறோம். 2019இல் 90 லட்சம் பேருக்கு மேல் பயணித்த நிலையம் இது.

அப்புறம் பாடன் ரயில் நிலையம். இது நேர் எதிர். பாசலுக்குள்ளேயே சுவிஸ் மண்ணில் நிற்கிறது, நடத்துவது ஜெர்மன் ரயில்வே. 1852இல் இன்றைய ஜெர்மனியில் இருந்த பாடன் சிற்றரசும் சுவிட்சர்லாந்தும் போட்ட ஒப்பந்தம் இன்னமும் நடைமுறையில் இருக்கிறது. இப்போதுள்ள கட்டடம் 1913ஐச் சேர்ந்தது. மேடையிலிருந்து படியிறங்கிச் சுரங்கப்பாதையில் வந்தால் சுங்க அறையைத் தாண்டித்தான் ஊருக்குள் வரவேண்டும். ஜெர்மனியின் ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் போகிறவர் இங்கே ரயில் மாறினால் அந்தச் சுங்கத்தின் பக்கமே வரவேண்டியதில்லை.

டிராமும் அப்படித்தான். 8ஆம் எண் 2014 டிசம்பரில் ஜெர்மனியின் வைல் ஆம் ரைன் வரை நீண்டது. 3ஆம் எண் 2017 டிசம்பரில் சென் லூயி வரை. 10ஆம் எண் சுவிஸ் கிராமம் ஒன்றுக்குப் போகிற வழியில் பிரான்சுக்குள் புகுந்து வெளியே வரும்.

இடம் கடவுள் கொடுத்தது. இதெல்லாம் மேசையில் உட்கார்ந்து பேசி வாங்கியது.

பற்றுவரவு

எங்கள் வங்கித் தொழிலில் பாசல் என்ற பெயரை உச்சரிக்காமல் ஒரு காலாண்டு போகாது. 1930இல் மத்திய வங்கிகளின் வங்கியான சர்வதேசத் தீர்வு வங்கியை எங்கே வைப்பது என்று பெரிய நாடுகள் பேசியபோது நடுநிலை நாடும் வேண்டும், எல்லாத் தலைநகரங்களிலிருந்தும் ரயிலில் வந்து சேரவும் வேண்டும் என்று பார்த்தார்கள். பாசல் கிடைத்தது. முதலில் மத்திய ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய ஓட்டல் கட்டடத்தில்தான் வேலை நடந்தது. அங்கே கூடும் வங்கிக் கண்காணிப்புக் குழு 1988இல் முதல் பாசல் மூலதன விதியை, அதாவது கொடுத்த கடனுக்கு ஏற்ப வங்கி வைத்திருக்க வேண்டிய சொந்த மூலதனத்தின் அளவை, வகுத்தது. இப்போது மூன்றாவது. பாசல் விதி குறைந்தபட்ச மூலதன விகிதம் 8 விழுக்காடு என்கிறது. நம் ரிசர்வ் வங்கி 9 கேட்கிறது. இதில் ரயில் சந்திப்பு நேரடியாகவே வேலை செய்திருக்கிறது. ஆகவே நீர்வழி சொன்னதில் என் ஓட்டு பாதி உண்டு.

நொய்யல்

திருப்பூரில் சாய வேலையில் வெகுகாலம் இருந்தவன் நான். சீபா, கெய்கி, சாண்டோஸ் என்ற பெயர்களை டப்பாவில் பார்த்து வளர்ந்த தலைமுறை. அந்த மூன்றுமே பாசல் கம்பெனிகள். அவை எப்படி வந்தன என்று பார்த்தால் நீர்வழியின் கேள்விக்கு வேறு பதில் கிடைக்கும்.

16, 17ஆம் நூற்றாண்டுகளில் பிரான்சு முதலான இடங்களிலிருந்து துரத்தப்பட்ட புராட்டஸ்டன்ட் மக்கள் பாசலுக்கு வந்தார்கள். பட்டு நாடா நெய்யும் தொழிலை அவர்கள் கொண்டுவந்தார்கள். நாடா என்றால் சாயம் வேண்டும். 1758இல் கெய்கி குடும்பம் மருந்துச்சரக்கு, சாயச்சரக்கு வியாபாரம் தொடங்கியது. இது முன்கதை.

கதை சூடுபிடிப்பது 1859இல். லியோன் நகரில் ரெனார் சகோதரர்கள் ஃபுக்சின் என்ற செயற்கைச் சிவப்புச் சாயத்துக்குக் காப்புரிமை வாங்கினார்கள். 1844ஆம் ஆண்டு பிரெஞ்சுச் சட்டம் பொருளுக்கே காப்புரிமை தந்தது. அதே சாயத்தை வேறு முறையில், இன்னும் நன்றாக, மலிவாகச் செய்தாலும் பிரான்சில் விற்க முடியாது. சுவிட்சர்லாந்திலோ காப்புரிமைச் சட்டமே கிடையாது. விளைவு என்ன? சாய வேதியியல் தெரிந்தவர்கள் எல்லையைத் தாண்டினார்கள். லியோனிலிருந்து வந்து பாசலில் குடியேறியிருந்த பட்டுச் சாயக்காரர் அலெக்சாண்டர் க்ளாவெல் அதே 1859இல் இங்கே ஃபுக்சின் காய்ச்ச ஆரம்பித்தார். அந்தப் பட்டறையின் வழிவந்ததுதான் 1884இல் உருவான சீபா. 1886இல் சாண்டோஸ். 1896இல் ஹாஃப்மன் லா ரோஷ். 1970இல் சீபாவும் கெய்கியும் சேர்ந்தன. 1996இல் அதனோடு சாண்டோஸ் சேர்ந்து நோவார்ட்டிஸ் ஆனது.

சுவிட்சர்லாந்து 1888இல் காப்புரிமைச் சட்டம் போட்டபோதும் வேதியியலைச் சேர்க்கவில்லை. 1907இல்தான், ஜெர்மனி நெருக்கியபிறகு, வேதியியல் செய்முறைகளுக்குக் காப்புரிமை வந்தது. அதற்குள் ஏறக்குறைய ஐம்பது வருடம் கிடைத்துவிட்டது.

எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு சட்டம், இந்தப் பக்கம் வேறு சட்டம். சாயக்காரன் நடந்தே போய்ச் சேரும் தூரம். பாசலுக்குப் பலம் கொடுத்தது அந்த வேறுபாடு. நதியும் பயன்பட்டது, மறுக்கவில்லை. தண்ணீர் எடுக்கவும் கழிவை விடவும் அவர்களுக்கு ரைன் வேண்டியிருந்தது.

அந்தக் கழிவுக்கு விலை கொடுத்ததும் உண்டு. 1986 நவம்பர் 1ஆம் தேதி, பாசலை ஒட்டிய ஷ்வைட்ஸர்ஹாலெயில் சாண்டோஸின் பூச்சிமருந்துக் கிடங்கு எரிந்தது. தீயணைத்த தண்ணீர் நஞ்சோடும் சிவப்புச் சாயத்தோடும் ரைனில் இறங்கியது. நதி சிவந்து ஓடியது. விலாங்கு மீன்கள் பெருந்தொகையாகச் செத்து மிதந்தன. மூன்று நாடு, நான்கு நாடு தாண்டி ஓடுகிற நதி என்பதால் ஒரே ஊர் அமுக்கிவிட முடியவில்லை. அடுத்த ஆண்டே கரையோர நாடுகள் எல்லாம் சேர்ந்து ரைன் செயல்திட்டம் போட்டன. சாயக்கழிவு ஓடிய ஆற்றங்கரையில் வாழ்ந்தவன் என்பதால் இதைப் படிக்கும்போது எனக்கு மனசு கொதிக்கும். அங்கே ஒரு இரவில் நடந்த விபத்துக்கு ஒரு வருடத்தில் திட்டம் வந்தது.

பாரிமுனை

நொய்யல் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும், அது நம் சென்னையில் நடந்தது. நோவார்ட்டிஸின் க்ளிவெக் என்ற இரத்தப் புற்றுநோய் மருந்துக்கான காப்புரிமை விண்ணப்பம் 1998இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில்தான் தாக்கலானது. 2006 ஜனவரியில் நிராகரித்தார்கள். பழைய மருந்தின் சின்ன மாற்றத்துக்குக் காப்புரிமை கிடையாது என்கிற இந்தியச் சட்டத்தின் 3(டி) பிரிவையே எதிர்த்துக் கம்பெனி சென்னை உயர்நீதிமன்றம் வந்தது. 2007 ஆகஸ்டில் தள்ளுபடி. 2013 ஏப்ரல் 1 அன்று உச்சநீதிமன்றமும் காப்புரிமை இல்லை என்று முடித்துவிட்டது.

காப்புரிமை இல்லாத மண்ணில் வளர்ந்த தொழில், வளர்ந்தபிறகு மற்ற நாடுகளிடம் கடுமையான காப்புரிமை கேட்கிறது. இதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு. மருந்து வாங்க முடியாதவர்களின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

நீர்வழி

> பாசலுக்குப் பலம் கொடுத்தது அந்த வேறுபாடு

இது நல்ல வாதம். ஆனால் அந்த வேறுபாட்டைப் பயன்படுத்திக்கொள்ள எல்லையில் இருக்க வேண்டுமே? அதுவும் இடம்தானே?

நொய்யல்

சரி, அப்படியானால் முல்ஹவுசைப் பாருங்கள். பாசலிலிருந்து ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர்தான். அதே சமவெளி, அதே மலைகள்.

அதுவும் ஒரு காலத்தில் எல்லையால்தான் எழுந்தது. நம் சோழமண்டலக் கரையிலிருந்து போன அச்சுத்துணி ஐரோப்பாவில் சக்கைப்போடு போட்டபோது, தன் நெசவாளரைக் காக்க 1686இல் பிரான்சு அதைத் தடைசெய்தது. தடை 1759 வரை நீடித்தது. முல்ஹவுஸ் அப்போது பிரான்சில் இல்லை, சுவிஸ் கூட்டணியோடு சேர்ந்த தனி நகரம். 1746இல் அங்கே அச்சுத்துணிப் பட்டறை தொடங்கினார்கள். கிடுகிடுவென வளர்ந்தது. 1798இல் பிரான்சோடு சேர்ந்தது. 1871இல் ஜெர்மனியிடம் போனது, 1918இல் பிரான்சிடம் திரும்பியது, 1940இல் மறுபடி ஜெர்மனி, அப்புறம் மறுபடி பிரான்சு. ஒவ்வொரு முறையும் சந்தை மாறும், சுங்கம் மாறும், நாணயம் மாறும், முதலாளிகளில் ஒரு பகுதி ஊரைவிட்டுப் போவார்கள்.

1871க்குப் பிறகான அந்தக் காலம் முழுவதும் பாசல் ஒரே நாட்டில், எந்தப் படையும் நுழையாமல் இருந்தது. இரண்டு ஊருக்கும் இடம் ஒன்றுதான். ஒன்று மருந்துத் தலைநகர் ஆனது. மற்றதில் கார் தொழிற்சாலையும் அச்சுத்துணி அருங்காட்சியகமும் இருக்கின்றன. முல்ஹவுசைக் குறைத்துச் சொல்லவில்லை. நம் சோழமண்டலத் துணியைப் பார்த்துச் செய்த மாதிரிகள் அந்த அருங்காட்சியகத்தில் உண்டு.

அல்சாஸ்வாசி

நான் சென் லூயி பக்கம் இருக்கிறேன். என் கணவர் தினமும் எல்லை தாண்டி வேலைக்குப் போகிறவர். பாசலின் பலம் பாசல்காரர்களுடையது மட்டும் இல்லை என்று யாராவது சொல்வார்களா என்று பார்த்துக்கொண்டே வந்தேன்.

பாசல் நகர மாநிலத்துக்கு மட்டும் பிரான்சிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் எல்லை தாண்டி வருபவர்களுக்கான சுவிஸ் வேலை அனுமதியான ஜி பேர்மிட் வைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள். ஆய்வுக்கூடம், ஆஸ்பத்திரி, கட்டடவேலை, கடை, எல்லாவற்றிலும் இருக்கிறார்கள். அவர்களைப் படிக்கவைத்த செலவு எங்கள் பக்கத்து அரசுகளுடையது. எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரிகளுக்குத் தாதி கிடைப்பது பெரும்பாடு. படித்து முடித்ததும் எல்லைக்கு அந்தப் பக்கம் இதைவிட மிக அதிகச் சம்பளம் இருக்கும்போது யார் நிற்பார்கள்? குறை சொல்லவும் முடியாது, எங்கள் வீட்டிலேயே அந்தச் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது.

வரியைப் பற்றித் தெரிந்தவர்கள் குறைவு. 1983 ஒப்பந்தப்படி பிரான்சில் வசிப்பவர் பாசலில் சம்பாதித்தாலும் வருமான வரியைப் பிரான்சில் கட்டுகிறார். பிரான்சு மொத்தச் சம்பளத்தில் 4.5 விழுக்காடு கணக்கிட்டு சுவிசுக்கு அனுப்புகிறது. ஜெர்மன் பக்கத்தவருக்கு சுவிஸ் 4.5 விழுக்காடு பிடித்துக்கொள்கிறது, மிச்ச வரி ஜெர்மனியில். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஜெர்மனியில் வருமான வரியில் 15 விழுக்காடு உள்ளூர் நகராட்சிகளுக்கு வரும். அதனால் லோராக், வைல் போன்ற ஊர்களுக்குக் கையில் ஏதாவது நிற்கிறது. பிரான்சில் வருமான வரி முழுக்கப் பாரிசுக்கு. வீட்டு வாடகை ஏறுவது, காலையில் சாலை அடைபடுவது, பள்ளியில் இடம் போதாமல் போவது எல்லாம் எங்கள் நகராட்சிக்கு.

இன்னொன்று. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் பேசும் அல்சாசியப் பேச்சும் பாசல் பேச்சும் ஒரே குடும்பம். அந்தத் தலைமுறை எளிதாக அங்கே வேலைக்குப் போனது. பிள்ளைகளுக்கு ஜெர்மன் வராது. அந்த வேலைகள் ஜெர்மன் பக்கத்தவருக்குப் போகின்றன. எங்கள் மகனை நான் ஜெர்மன் வகுப்புக்கு விடாமல் அனுப்புகிறேன்.

கிளைன்பாசல்

அக்கா சொன்னது எல்லாம் உண்மை. எதிர்த்திசையில் போகிற பணத்தையும் சொல்லவேண்டும்.

சனிக்கிழமை காலை 8ஆம் எண் டிராமில் ஏறிப் பாருங்கள். இழுவைப் பை, மடக்கு வண்டி, காலி ஐஸ் பெட்டி என்று சாமான் வாங்கப் போகிறவர்களாகவே இருக்கும். எல்லை தாண்டியதுமே பெரிய கடைத்தொகுதி. இறைச்சி, பால், பிள்ளைகளுக்கான டயப்பர், சோப்பு எல்லாம் பாதி விலை மாதிரித் தெரியும். காசாளர் கேட்காமலே பச்சைத் தாளை அச்சடித்து நீட்டுவார். அதில் பெயர், முகவரி எழுதி, திரும்பும்போது ஜெர்மன் சுங்கத்தில் முத்திரை வாங்கினால் அடுத்த முறை அந்தக் கடையில் ஜெர்மன் வரி திரும்பக் கிடைக்கும். இதற்கு 2020 முதல் ஒரு ரசீதுக்கு ஐம்பது யூரோவுக்கு மேல் வாங்கியிருக்க வேண்டும். இறைச்சி ஆளுக்கு ஒரு கிலோவுக்கு மேல் கொண்டுவந்தால் சுவிஸ் பக்கம் தீர்வை. சுவிஸ் அரசு 2025 ஜனவரி 1 முதல் வரியில்லாமல் கொண்டுவரும் அளவை 300 பிராங்கிலிருந்து 150 ஆகக் குறைத்துவிட்டது. எங்கள் ஊர்க் கடைக்காரர்கள் நீண்டகாலம் கேட்டுக்கொண்டிருந்தது அது.

கடைக்காரர்களுக்கு மிகப் பெரிய அடி 2015 ஜனவரி 15. ஒரு யூரோவுக்கு 1.20 பிராங்க் என்று வைத்திருந்த கீழ்வரம்பை சுவிஸ் மத்திய வங்கி திடீரென்று கைவிட்டது. ஒரே நாளில் பிராங்க் யூரோவுக்குச் சமமாகப் போய் நின்றது. எல்லைக்கு அந்தப் பக்கம் அன்றைக்கே எல்லாம் மலிவாகிவிட்டது. இங்கே தெருமுனையில் மளிகைக் கடை, துணிக்கடை வைத்திருந்தவர் என்ன செய்வார்? மருந்துக் கம்பெனிக்குப் பலமான அதே எல்லை சின்னக் கடைக்காரருக்குப் பாரம்.

சம்பளப் பக்கமும் ஒரு செய்தி. 2022 ஜூலை முதல் பாசல் நகர மாநிலத்தில் மணிக்கு 21 பிராங்க் குறைந்தபட்சச் சம்பளம் என்று சட்டம் வந்தது. பிறகு கொஞ்சம் ஏறியிருக்கிறது. உணவகத்திலும் துப்புரவிலும் வேலைசெய்கிற நம் ஆட்களுக்கு அது பெரிய விஷயம்.

மறுபக்கம்

நீங்கள் எல்லோரும் பாசலின் பலத்தையே பேசுகிறீர்கள். பலம் என்கிற ஒவ்வொன்றும் ஒரே இழையில் தொங்குகிறது என்பதைப் பார்க்க வேண்டாமா?

நதி: 2018இல் மழை பொய்த்து ரைன் வற்றியபோது படகுகள் கொள்ளளவில் ஒரு பகுதியைத்தான் ஏற்ற முடிந்தது. எரிபொருள் வராமல் சுவிஸ் அரசு கட்டாயக் கையிருப்பைத் திறக்கவேண்டியிருந்தது. 2022இலும் நீர் இறங்கியது. ரயில்: 2017 ஆகஸ்ட் 12 அன்று ஜெர்மனியின் ராஷ்டாட்டில் சுரங்கம் தோண்டும்போது மண் உள்வாங்கி, கார்ல்ஸ்ரூவே பாசல் பாதை அக்டோபர் 2 வரை அடைபட்டது. ஐரோப்பாவின் முக்கியச் சரக்குப் பாதை ஏழு வாரம் முடங்கிப்போனது, மாற்றுப்பாதை சரியாக இல்லை. பழுது நடந்தது ஜெர்மனியில், பாசலுக்கு அதில் கையே இல்லை. கண்காட்சி: உலகக் கடிகாரக்காரர்கள் எல்லாம் கூடிய பாசல் கடிகாரக் கண்காட்சி 2019க்குப் பிறகு நடக்கவே இல்லை. 1970இல் தொடங்கிய கலைச்சந்தை மட்டும் நிற்கிறது.

எல்லாவற்றையும்விட மருந்து. சுவிஸ் ஏற்றுமதியில் ஏறக்குறைய பாதி மருந்தும் வேதிப்பொருளும். பாசலின் வரவும் செலவும் ஒரு சில கம்பெனிகளின் கையில். அவர்களைத் தக்கவைக்க மாநிலம் கம்பெனி வரியை 2019இல் ஏறக்குறைய 13 விழுக்காட்டுக்குக் கொண்டுவந்தது. ரோஷ் 178 மீட்டரிலும் 205 மீட்டரிலும் இரண்டு கோபுரம் எழுப்பியிருப்பதைப் பார்த்து ஊரே பெருமைப்படுகிறது. அந்தக் கோபுரத்தில் எடுக்கும் ஒரு முடிவு ஊரின் பட்ஜெட்டையே ஆட்டிவிடும் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

பற்றுவரவு

மறுபக்கம் சொன்ன கவலை நியாயமானது. வங்கிக்காரன் கண்ணில் ஒரே கடன்காரரிடம் பாதிக் கடன் இருப்பது ஆபத்துதான். ஆனால் ஆய்வுக்கூடம் கடிகாரக் கண்காட்சி போல ஒரே வருடத்தில் கிளம்பாது. 1460இல் தொடங்கிய பல்கலைக்கழகம், மூன்று நாட்டிலிருந்தும் வரும் வேதியியலாளர், அவர்கள் விட்டு விலகித் தொடங்கிய சிறு கம்பெனிகள் எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன. விவசாய மருந்துக் கம்பெனியான சின்ஜென்டாவை 2017இல் சீனக் கம்பெனி வாங்கியது. தலைமையகம் பாசலிலேயே இருக்கிறது.

கிளைன்பாசல்

மறுபக்கம் அண்ணா விட்டுவிட்ட பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது: எல்லை எப்படி இருக்கும் என்று தீர்மானிப்பது பாசல் இல்லை. 1992 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியச் சந்தையோடு இணைக்கும் ஐரோப்பியப் பொருளாதார வெளியில் சேர்வதா என்று சுவிஸ் மக்கள் வாக்களித்தார்கள். 50.3 விழுக்காடு வேண்டாம் என்றது. பாசல் நகரம், அதை ஒட்டிய பாசல் நாட்டுப்புறம் என்ற இரண்டு மாநிலங்களும் வேண்டும் என்றன, பலன் இல்லை. 2014 பிப்ரவரியில் குடிவரவைக் கட்டுப்படுத்தும் வாக்கெடுப்பு, மறுபடி அதே 50.3 விழுக்காட்டில் நிறைவேறியது. பாசல் நகரம் எதிர்த்து வாக்களித்தது. எல்லையைப் பார்த்தே இராத மலைக் கிராமத்தின் ஓட்டும் எங்கள் ஓட்டும் சமம். அது ஜனநாயகம், மதிக்கிறேன். ஆனால் விளைவு இங்கேதான் விழும்.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காக எல்லையை மூடினார்கள். சிறு சாலைகளில் தடுப்பு, டிராம் எல்லைக்கு முன்னாலேயே நின்றது. ஜூன் 15 வரை. அப்போதும் ஜி பேர்மிட் உள்ளவர்களை விட்டார்கள். விடாமல் இருக்க முடியாது, ஆஸ்பத்திரி நின்றுபோகும்.

அல்சாஸ்வாசி

ஆமாம் தம்பி. திறந்திருந்த ஒன்றிரண்டு சாவடிகளில் காலையில் கார் வரிசை ஊருக்குள்வரை நின்றது. என் கணவர் இருட்டோடு கிளம்புவார். அந்த வரிசையில் முன்னே விடச்சொல்லிக் கை காட்டியது தாதிகளின் கார்களுக்கு.

நீர்வழி

எல்லோருக்கும் நன்றி. முல்ஹவுஸ் ஒப்பீடு என் கேள்வியையே மாற்றிவிட்டது. அதே அளவுகோலில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்கையும் எதிர்க்கரை ஜெர்மன் ஊரான கேலையும் வைத்துப் பார்க்க வேண்டும்: அங்கும் ரைன் இருக்கிறது, பாலம் இருக்கிறது, இப்போது எல்லை தாண்டும் டிராமும் இருக்கிறது. ஆனால் இருபுறமும் ஒரே நாணயம். அதற்குத் தனி இழை தொடங்குகிறேன். அல்சாஸ்வாசி அக்கா, உள்ளூர் வரி விவரத்தை அங்கேயும் ஒருமுறை எழுதினால் உதவியாக இருக்கும்.